குப்பைக்குப் போகாத எழுத்து

உலகத்திலேயே சுத்தமான குப்பைத் தொட்டி கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில், ஜவாஹிறா தாத்தாவின் கணினித் திரையில், இடது மூலையில். இரண்டு வருடமாக அதற்குள் ஒரு தூசிகூட விழவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

தாத்தா என்றதும் கிழவரை நினைக்கவேண்டாம். கொழும்பு முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஜவாஹிறா தாத்தா பாமன்கடையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், மெல்லக் கதைப்பவர், ஒன்றைப் பிடித்தால் விடாதவர். அவரைக் கூட்டிவந்து கணினிக்கு முன்னால் உட்காரவைத்தவர் எங்கள் முதலாளி ஹாஷிம் நானா. நானா என்றால் அண்ணன். நான் சாமினி, கொட்டாஞ்சேனை வேதக்காரி, அதாவது கத்தோலிக்கப் பெண், புரோகிராம் எழுதுபவள். எனக்கு அறபில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. அறபுக் கையெழுத்தை வாசிக்கும் இயந்திரத்தை உருவாக்கியது நான்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் அழுது முடித்துவிட்டேன்.

ஹாஷிம் நானாவின் யோசனை, கேட்பதற்கு நல்ல யோசனை. அச்சடித்த அறபை இப்போது எந்தப் போனும் வாசிக்கும். கையெழுத்து என்று வந்தால் திணறும். அதிலும் வளைகுடா நாட்டில் ஒரு கராஜ்காரர் எண்ணெய்க் கையோடு கிறுக்கித் தருகிற துண்டையும், டொக்டர் எழுதித் தருகிற சீட்டையும் எந்த இயந்திரத்தாலும் வாசிக்க முடியாது. அப்படியான துண்டைப் படமெடுத்துக் கொடுத்தால் தட்டச்சு செய்து தரும் ஒன்றை நாம் செய்வோம் என்றார். அதற்கு முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து, இயந்திரத்துக்குப் பழக்கவேண்டும். கெய்ரோவில் ஆள் பிடித்தால் கட்டுப்படியாகாது. கொழும்பில் வீட்டுக்கு வீடு, சின்ன வயதிலேயே அறபு எழுத்தை ஓதிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள்.

"எழுத்துத்தான் தெரியும். அர்த்தம் தெரியாதே நானா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அதுதானே சாமினி விஷயமே! அர்த்தம் தெரிஞ்சவன் பாதிய வாசிச்சிட்டு மிச்சத்த ஊகிச்சுப் போடுவான். எங்கட ஆக்களுக்கு ஊகிக்கத் தெரியா. கண்ணுக்குத் தெரியிறத அப்பிடியே அடிப்பாங்க."

அவர் அப்படித்தான். எல்லோரும் ஓட்டை என்று நினைப்பதை அவர் வாசல் என்பார். அந்த வாசலை நம்பி, கிராண்ட்பாஸில் வாப்பா விட்டுப்போன டைல்ஸ் கடையில் தன் பங்கைத் தம்பி ரிம்ஸானுக்கே விற்றுவிட்டு வந்தவர். ரிம்ஸான் நல்ல மனிதர், ஆனால் வாரம் தவறாமல் கோல் எடுப்பார். "நானா, காசு மேசைக் கதிர சும்மாதான் ஈக்கிது. எப்ப வார?" என்பார். ஹாஷிம் நானா சிரித்துக்கொண்டே போனை வைப்பார். வைத்தபிறகு அலுவலகச் செலவுக் கணக்கை இன்னொருமுறை கூட்டிப் பார்ப்பார்.

தோஹாவில் ஒரு காப்புறுதிக் கம்பனி எங்களை நம்பி, பரீட்சார்த்தமாக, ஒரு தொகைப் படங்களை அனுப்பியிருந்தது. இயந்திரம் சரியாக வாசித்தால் ஒப்பந்தம். இல்லாவிட்டால் ஹாஷிம் நானாவுக்கு டைல்ஸ் கடைக் கதிரை, எங்களுக்கு வீடு. நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

வேலை முறையைச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்படி நான்தான் எழுதி ஒட்டினேன். படம் வரும். தட்டச்சுக்கு வரும் நஸ்லாவும் மற்றப் பெண்களும் பார்த்து அடிப்பார்கள். ஜவாஹிறா தாத்தா சரிபார்ப்பார். பிழை என்றால் அதை அழித்துவிட்டுத் திருப்பி அடிக்கவேண்டும். படமே தெளிவில்லை என்றால் படத்தையும் அழிக்கவேண்டும், ஏனென்றால் அதில் யாரோ ஒருவரின் பெயரும் நோயும் இருக்கிறது. மற்றவர்களின் அந்தரங்கம். அதனால்தான் வேலைக்கு வரும் பெண்களின் போன்களைக்கூட வாசல் மேசை லாச்சியில் வாங்கி வைத்துவிடுவோம்.

என் போன் மட்டும் என்னிடம் இருக்கும். இருந்தும் பிரயோசனம் இல்லை, அதில் இடமே கிடையாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி அது. என் அம்மா மாக்ரெட், விடியற்காலையில் ஓர் அந்தோனியார் படம் அனுப்புவா. மத்தியானம் ஒரு மாதா. செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நின்றபடியே படம் படமாக வரும். போதாததற்கு அவவின் சிநேகிதிகள் அவவுக்கு அனுப்புவதெல்லாம் சிந்தாமல் சிதறாமல் எனக்கு வந்து சேரும்.

"பாத்திட்டு அழிச்சா சரிதானே?" என்று நஸ்லா கேட்பாள்.

"எங்க நேரம்?" என்பேன்.

ஜவாஹிறா தாத்தாவின் குழுவைக் குறைசொல்லக்கூடாது. அந்த மனுஷி தொழுகைக்குப்போல் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யாமல் கணினியைத் தொடமாட்டார். தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டு, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, தோஹாவில் யாருக்கோ வயிற்றோட்டம் என்பதை எழுத்துப் பிசகாமல் அடிப்பார். மற்றப் பெண்களை வீட்டார் எங்களிடம் அனுப்புவதே அவர் இருக்கிறார் என்பதற்காகத்தான். "ஜவாஹிறா தாத்தா போற எடமெண்டா போ" என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பரீட்சை வீடியோ கோலில் நடந்தது. தோஹாக் கம்பனியின் அதிகாரி வலீத், வயது முப்பத்தைந்துகூட இருக்காது, எதையும் மெதுவாக, மரியாதையாக, கழுத்தில் கத்தி வைப்பதுபோல் சொல்லும் மனிதர். ஒரு படத்தை எங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்தார். பதில் வந்தது. அதே படத்தைத் திரும்பக் கொடுத்தார். வேறு பதில் வந்தது. மூன்றாவது முறை கொடுத்தார். மூன்றாவது பதில் வந்தது. ஒரே கடிதத்தை மூன்று விதமாக வாசிக்கும் ஊழியர் தன்னிடம் ஏற்கனவே இருக்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்றார். அடுத்த வாரம் கொழும்புக்கு வருவதாகவும், அப்போது கடைசியாக ஒருமுறை பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த வாரம் சாப்பிட்டது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் புரோகிராமை வரி வரியாகப் பிரித்தேன், பூட்டினேன், பிரித்தேன். என்னைத்தான் திட்டிக்கொண்டேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. கடைசியில், இயந்திரம் எதைப் பார்த்துத்தான் படித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளித்தது. ஒரே படத்துக்கு இரண்டு விடை. சிலதுக்கு மூன்று. ஒரு பிள்ளைக்கு மூன்று வாத்தியார் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? எழும்பி நேரே ஜவாஹிறா தாத்தாவின் மேசைக்குப் போனேன்.

"தாத்தா, பிழையா அடிச்சதெல்லாம் எங்க?"

"ஈக்கிது மகள்" என்றார், பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

"ஈக்கிதா? அழிக்கச் சொல்லித்தானே எழுதி ஒட்டியிருக்கிறன்?"

திரையில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். கோப்பின் பெயர் 'மரியாதை'. உள்ளே இரண்டு வருடப் பிழை. கோணல் படம், பாதிப் படம், தப்பாக அடித்தது, தப்பைத் திருத்தப் போய் இன்னொரு தப்பாக அடித்தது, எல்லாம் திகதிவாரியாக அழகாக அடுக்கி இருந்தது. கணினியில் இருக்கும் எல்லாவற்றையும் அள்ளிப் படி என்று நான் சொல்லிவைத்திருந்த இயந்திரம் இதையும் சேர்த்து விழுந்து விழுந்து படித்திருக்கிறது.

"அறபு எழுத்த எப்பிடி மகள் குப்பயில போடுற?" என்றார் தாத்தா.

எனக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை. அவர்களின் வீடுகளில் அறபு எழுத்துள்ள ஒரு துண்டுக் கடதாசி நிலத்தில் கிடக்காது. பேரீச்சம்பழப் பெட்டியில் அறபு இருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி உயரத்தில் வைத்துவிட்டுத்தான் பெட்டியை வீசுவார்கள். கிழிந்த ஓதல் ஏடுகளைக் கடலில் விடுவார்கள், அல்லது சுத்தமான இடத்தில் புதைப்பார்கள். எல்லாம் தெரியும். அது கணினிக்குள்ளும் ஏறி உட்காரும் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்?

"அது குப்பைத் தொட்டி இல்ல தாத்தா. சும்மா ஒரு படம்!"

"குப்பத் தொட்டிட படம்தானே? வேற என்ன படம்?"

"எல்லாம் உள்ளுக்கு வெறும் எண்கள். இதில கடதாசியும் இல்ல, மையும் இல்ல!"

"கண்ணுக்கு எழுத்தாத்தானே மகள் தெரியிது."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. படங்களோடு தோஹாவிலிருந்து வந்த ஆங்கிலக் குறிப்பைத் தேடி எடுத்தேன். "இந்தப் படத்தில என்ன எழுதியிருக்கு தெரியுமா? வயித்தால போகுது எண்டு. இதில? கராஜ்காரன் கார்க்காரன கழுதைக்குப் பிறந்தவன் எண்டு ஏசியிருக்கிறான். இதையா மரியாதையா வைச்சிருக்கிறீங்க?"

நஸ்லா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜவாஹிறா தாத்தா அசையவில்லை.

"அவன் வாய் கெட்டவன். எழுத்து என்ன பாவம் செஞ்ச? அந்த எழுத்துலதானே அல்லாஹ்ட பேரையும் எழுதுற."

சுவரோடு தலையை மோதிக்கொள்வதென்றால் எங்கள் அலுவலகச் சுவர் பலகைச் சுவர், விழுந்துவிடும். திரும்பி வந்து, 'மரியாதை'யைத் தொடாதே என்று இயந்திரத்துக்குச் சொல்லி, மிச்சத்தை முதலிலிருந்து படிக்கவைத்தேன். படித்தது. சோதித்துப் பார்த்தேன். ஒரே படத்துக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது. கழித்த படங்கள் அழிக்கப்பட்டிருக்கவேண்டும் என்று தோஹாக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே கேட்டிருந்தார்கள். ஹாஷிம் நானாவின் அறைக்குப் போனேன்.

"நான் அழிக்கிறன். நான் வேதக்காரி, எனக்குப் பாவம் இல்ல. ஒரு நிமிஷ வேலை."

அவர் ஜவாஹிறா தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். தாத்தா கொஞ்சமும் சத்தம் போடாமல் சொன்னார்: "பாவம் அவக்கு இல்ல தம்பி. பாத்துக்கொண்டு நிக்கிற எங்களுக்கு. நீங்க மொதலாளி, செய்ங்க. நாளேலிருந்து நான் வரல்ல."

அவர் வராவிட்டால் மற்றப் பெண்களும் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் புதிய படங்களைப் பழக்க ஆளில்லை. அழித்தால் தாத்தா போய்விடுவார், அழிக்காவிட்டால் தோஹா போய்விடும். ஹாஷிம் நானா இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டார்.

"தெரியாம அழிச்சுவிடுவமா?" என்று தாத்தா போனபிறகு மெதுவாகக் கேட்டேன்.

"ஒளிச்சுச் செய்யேலா சாமினி. அவங்கட வீட்டாக்கள் அவவ நம்பி அனுப்புறாங்க, அவ என்ன நம்பி வாரா." கூரையைப் பார்த்தார். "ஒண்டு செய்வோம். வலீத் கேக்க மாட்டார். அவருக்கு மறந்திருக்கும்."

இதுதான் ஹாஷிம் நானாவின் திட்டம். மறந்திருக்கும்! உலகத்து அறபுக் கையெழுத்தையெல்லாம் கணினியில் ஏற்றப் புறப்பட்ட மனிதர், தோஹாவிலிருந்து வரும் ஓர் அதிகாரியின் ஞாபகமறதியை நம்பி உட்கார்ந்திருந்தார்.

வலீத் புதன்கிழமை வந்தார். பளபளக்கும் சப்பாத்து, கைப்பெட்டி, கையில் ஓர் அறபுப் பத்திரிகை. ஜவாஹிறா தாத்தா ஸலாம் சொன்னார். வலீத் மகிழ்ந்துபோய் அறபில் மளமளவென்று கதைக்கத் தொடங்கினார். தாத்தா திருதிருவென்று முழித்தார். இரண்டு வருடமாக அந்த மனிதரின் மொழியை விடிந்தது முதல் பொழுதுபடும்வரை அடிக்கும் பெண்ணுக்கு, அவர் கேட்டது சுகமா என்பதுகூட விளங்கவில்லை. கடைசியில் அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, தாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அது மட்டும் அவருக்கு நேரே விளங்கியது.

பரீட்சை நடந்தது. வலீத் தன் பேனாவால் ஒரு கடதாசியில் வேகமாக, வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதினார். படமெடுத்துக் கொடுத்தார். பதில் வந்தது. திரும்பக் கொடுத்தார், திரும்பவும் அதே பதில். மூன்றாவது முறையும் அதே பதில். வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஹாஷிம் நானா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் மேசைக்குக் கீழே அவருடைய கால் ஆடுவது நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் நான் மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுப்பித்தேன். வலீத் சாப்பிடுமுன் தன் பத்திரிகையை எடுத்தார். விரித்தார். மேசையில் போட்டார். அதன்மேல் ரோல்ஸை வைத்தார். எண்ணெய் தலைப்பில் ஊறிப் பரவுவதை ஜவாஹிறா தாத்தா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்த வலீத், பத்திரிகையில் விரலைத் துடைத்து, கசக்கி, மூலையிலிருந்த குப்பைத் தொட்டிக்குள் எறிந்தார். இது திரையில் இருக்கும் தொட்டி இல்லை, நிஜத் தொட்டி.

தாத்தா எழும்பிப் போனார். தொட்டிக்குள் கையைவிட்டு அதை எடுத்தார். மேசையில் வைத்து நீவி, தன் துப்பட்டா நுனியால் எண்ணெயை ஒற்றி, நாலாக மடித்து, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

வலீத் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அது காற்பந்தும் கார் விளம்பரமும் என்றார். நல்ல வழக்கம் என்றும் சொன்னார். பிறகு ஏதோ பொறி தட்டியதுபோல நிமிர்ந்து, அப்படியானால் நீங்கள் கழித்த படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு ரோல்ஸ். ஒரே ஒரு ரோல்ஸால் வந்த வினை.

ஹாஷிம் நானா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வலீத் மெதுவாக, மரியாதையாக, கழுத்தில் கத்தியை வைத்தார். மாலை விமானத்துக்கு முன் அந்தக் கோப்பு இந்தக் கணினியில் இருக்கக்கூடாது, வேறெங்கும் இருக்கக்கூடாது, யாரும் திறக்க முடியாத இடத்துக்குப் போகவேண்டும். இருந்தால் ஒப்பந்தம் இல்லை. நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. தாத்தா, ஒரு பொத்தான், உங்களுக்குக் கோடி புண்ணியம், ஹாஷிம் நானா டைல்ஸ் விற்கப் போகவேண்டுமா என்று கேட்டேன்.

தாத்தா ஹாஷிம் நானாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துத் தாத்தாவின் கண் கலங்கியது. அவருக்கும் விளையாட்டு இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஒரு டிஸ்க்குல போட ஏலுமா மகள்?" என்று கேட்டார். "எடுத்துப் போட்டா இங்க இல்லாமப் போகும்தானே? அழிக்கிறல்ல. எடம் மாத்துற. பொறகு டிஸ்க்க கொண்டு போய்க் கடல்ல விடுவோம். எங்கட ஆக்கள் செய்யிறதுதான்."

இங்கிருந்து வெட்டி அங்கே ஒட்டுவதும் உள்ளுக்குள் நகலெடுத்து அழிப்பதுதான். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். வலீத்திடம் சொன்னேன். டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினால், அதன்மேல் உப்புத்தண்ணீரும் பட்டால், தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். நான் பூட்டினேன். தாத்தா அன்று பேரீச்சம்பழம் சுற்றிக் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியில் டிஸ்க்கைச் சுற்றி, ஒரு கல்லையும் வைத்து முடிந்தார்.

ஒரு காப்புறுதிக் கம்பனி அதிகாரியும், ஒரு முதலாளியும், ஓர் ஓதிக்கொடுக்கும் தாத்தாவும், நஸ்லாவும், நானும் பட்டப்பகலில் மெரைன் டிரைவைக் கடந்து, ரயில் போகும்வரை தண்டவாளத்தருகே காத்துநின்று, கடற்கரைக்கு இறங்கினோம். பார்த்தவர்கள் யாருடைய அஸ்தி என்று நினைத்தார்களோ. வலீத்தின் போன் காலையிலிருந்து தோஹாவோடு கதைத்துச் செத்துப்போய், அலுவலகத்தில் சார்ஜில் கிடந்தது. தாத்தாவினதும் நஸ்லாவினதும் போன்கள் வழக்கம்போல லாச்சியில். ஹாஷிம் நானா காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். முதல் அலை அவருடைய இடுப்புவரை வந்து போனது. காற்சட்டைப் பைக்குள் இருந்த அவருடைய போன் அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் வலீத் கையை உயர்த்தினார். நில்லுங்கள், இதை வீடியோ எடுக்கவேண்டும் என்றார். வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டோம் என்று தோஹாவில் தான் வாயால் சொன்னால், தனக்குக் கொழும்பு வெயில் பிடித்துவிட்டது என்பார்கள், ஆதாரம் இல்லாமல் கையெழுத்து இல்லை என்றார்.

மிச்சமிருந்தது என் போன்.

கமராவைத் திறந்தேன். இடமில்லை என்றது. எதையாவது அழித்தால் எடுக்கலாம் என்றது. எதை அழிக்கலாம் என்றும் அதுவே பொறுக்கித் தந்தது: அம்மா அனுப்பியவை. ஒரு தட்டில் அத்தனையும் தெரிவாகிவிட்டன. அந்தோனியார், அந்தோனியார், மாதா, அந்தோனியார். கையில் லீலிப்பூ, மறுகையில் பாலன். மேலே அன்று காலை வந்தவர், நீலக் கரையோடு. கீழே, அதே படம். குப்பைத் தொட்டி.

கட்டைவிரல் போய் அதன்மேல் நின்றது. நின்றதுதான். அழுத்தவில்லை.

படம்தானே? வெறும் எண்கள்தானே? கடதாசியும் இல்லை, மையும் இல்லை. இவ்வளவையும் வாய் கிழியச் சொன்னவள் நான். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. சின்ன வயதில், கை உடைந்த ஒரு சுரூபத்தை நான் வெளியே போட்டபோது, "அடியே, அந்தோனியாரைக் குப்பையிலயோ போடுறாய்?" என்று கத்திய குரல். அந்தச் சுரூபம் இன்னும் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவில், போனில், வலீத்தில், எல்லோரையும்விட என்னில். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

"சாமினி! எடுங்களேன்! கை நோகுது!" ஹாஷிம் நானா தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்.

ஜவாஹிறா தாத்தா பக்கத்தில் வந்து போனை எட்டிப் பார்த்தார். அந்தோனியாரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். நான் அவருக்குச் சொன்னதையெல்லாம் இப்போது திருப்பித் தருவார் என்று காத்திருந்தேன். தந்திருந்தால் வாங்கியிருப்பேன், அத்தனையும் எனக்குச் சேரவேண்டியதுதான்.

"அவசரப்படாதீங்க மகள்" என்றார். "தம்பி நிப்பார்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் மறைத்தது. அந்தோனியாரை விட்டுவிட்டு என் படங்களுக்குப் போனேன். நுவரெலியாவில் நான், பிறந்தநாள் கேக்கோடு நான், கண்ணாடிக்கு முன்னால் காரணமே இல்லாமல் நான். ஒன்றுவிடாமல் தெரிவுசெய்து, தொட்டியில் கொட்டினேன். என் முகம் குப்பைக்குப் போவதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. கமரா திறந்தது.

ஹாஷிம் நானா பிஸ்மி சொல்லி எறிந்தார். கடல் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அவருடைய காலடியிலேயே வைத்தது. திரும்ப எறிந்தார், திரும்பவும் வந்தது. வலீத்துக்குப் பொறுமை போய், பளபளக்கும் சப்பாத்தைக் கழற்றி நஸ்லாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். பொட்டலத்தை வாங்கி, காற்பந்துக் கோல் காப்பாளர் பந்தைத் தூர எறிவதுபோல வீசினார். அது பாறைகளுக்கு அப்பால் விழுந்தது. வரவில்லை. எல்லாம் என் வீடியோவில் இருக்கிறது, தோஹாவில் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தாகி வந்தது.

அங்கேயே, சொட்டச் சொட்ட நின்றபடி ஹாஷிம் நானா என் போனை வாங்கித் தம்பிக்குக் கோல் எடுத்தார். "ரிம்ஸான், அந்தக் கதிரய வேற ஆருக்காவது குடு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மறுநாள் காலை, யாரும் வருமுன் நான் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு கணினியிலும் இருந்த அந்தக் குப்பைத் தொட்டிப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலையின் படத்தைப் போட்டேன். கீழே பெயரையும் மாற்றிக் 'கடல்' என்று எழுதினேன். சில நிமிட வேலை. முதலிலேயே செய்திருந்தால் ஒரு டிஸ்க்கும் ஹாஷிம் நானாவின் போனும் பிழைத்திருக்கும். ஆனால் முதலிலே செய்திருக்கமாட்டேன். படம்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குப் படத்தை மாற்றவேண்டும் என்று எப்படித் தோன்றும்?

ஜவாஹிறா தாத்தா வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள போட்டா எங்க போகும் மகள்?"

"கடலுக்கு."

"திருப்பி வருமா?"

"முதல் கொஞ்ச நாள் கரையில கிடக்கும் தாத்தா. பிறகு போயிரும்."

நேற்றுப் பார்த்ததை நினைத்தோ என்னவோ, சரி என்பதுபோலத் தலையாட்டினார். துப்பட்டாவை இழுத்துவிட்டு, நஸ்லா பிழையாக அடித்த ஒன்றைப் பிஸ்மி சொல்லி இழுத்துக் கொண்டுபோய் அலைக்குள் விட்டார்.

என் போன் இன்று காலை திரும்பவும் இடமில்லை என்றது. அதில் அந்தத் தொட்டிப் படத்தை மாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. புரோகிராம் எழுதுகிறவளுக்கே இல்லை.